மேசையில் இரண்டு ஏழு

சந்திரனில் சீட்டுப் போடுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். பூமியில் சீட்டை வீசினால் டப்பென்று மேசையில் உட்கார்ந்துவிடும். இங்கே அது கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாமாவைப் போல, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நிதானமாகத்தான் இறங்கும்.

என் பெயர் ஞானசெல்வி. சந்திரத் தொடர்பு நிலையத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே போகிற வருகிற செய்தியெல்லாம் எங்கள் கை வழியாகத்தான் போகும். அன்று நான் போட்ட சீட்டில், ஒரு புருஷன் பெண்டாட்டி இனி எந்தக் கிரகத்தில் குடித்தனம் நடத்துவார்கள் என்பது முடிவாக இருந்தது. கதை அளக்கவில்லை, நிஜமாகவே அப்படித்தான்.

சுகிர்தாவும் ஜெபசிங்கும் என்னோடு நாகர்கோவில் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். லேப் ரெக்கார்டு எழுத வேண்டிய நேரத்தில் போக்கர் ஆடியே காதலித்தவர்கள். கல்யாணம் ஆகி இரண்டு வருடத்தில் அவன் பனிக்கட்டி தோண்டுகிற வேலைக்குச் செவ்வாய்க்குப் போனான். அவள் ஆரல்வாய்மொழியில் காற்றாலை பழுது பார்க்கிறாள். நூறு மீட்டர் உயரத்தில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நட்டு முறுக்குகிற வேலை. வழியனுப்பு விழாவில் ஜெபசிங் மைக்கைப் பிடித்து, "இனி நான் செவ்வாய்க்காரன். வீடு பாத்துட்டு சுகியக் கூப்பிட்டுக்கிடுவேன். நான் திரும்பி வந்தா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க" என்று முழங்கினான். ஊர் கைதட்டியது. அடுத்து மைக்கை வாங்கிய சுகிர்தா அதைவிட ஒரு படி மேலே போய், "எம் மாப்பிள்ள சொன்னா சொன்னதுதான்" என்றாள்.

செவ்வாயிலிருந்து திரும்பி வருகிறவர்களுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. ரிட்டன் பார்சல். டீக்கடையில் அவர்கள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவன், "என்ன அண்ணாச்சி, அட்ரஸ் சரியில்லையோ?" என்று கேட்பான்.

இதில் இன்னொரு சிக்கல். ஐந்து வருடத்துக்கு மேல் செவ்வாயில் இருந்தவனின் எலும்பும் இதயமும் பூமியின் இழுப்பைத் தாங்காது. அப்புறம் டாக்டர்கள் அவனைத் திரும்ப விடவே மாட்டார்கள். ஜெபசிங்குக்கு நாலு வருடம் எட்டு மாதம் ஆகியிருந்தது. கப்பல் இருபத்தாறு மாதத்துக்கு ஒரு முறைதான். ஆக, இந்தக் கப்பலில் அவன் ஏற வேண்டும், இல்லையென்றால் அவள் போய் அங்கேயே ஆயுசுக்கும் இருக்க வேண்டும். நாலு மாதமாக, "நீ வா", "இல்ல நீ வா" என்று இரண்டு பக்கமும் செய்தி போய் வந்ததை நான்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் சுகிர்தா, "சீட்டுப் போடுவோம், ஜெயிக்கிறவங்க சொல்றபடி" என்றாள். அவனும் சரி என்றான்.

கம்ப்யூட்டர் சீட்டுப் போட்டால் தோற்றவருக்குச் சந்தேகம் வரும். நடுவில் உள்ளவள் நான்தானே, அதனால் நிஜச் சீட்டுக்கட்டை வைத்து நானே போட வேண்டும் என்று முடிவாயிற்று. பார்த்ததைச் சொல்ல மாட்டேன், திறக்கக்கூடாததைத் திறக்க மாட்டேன் என்று இரண்டு பேருக்கும் சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஆட்டம் மூன்று வாரம் நடந்தது. ஆளுக்கு நூறு காயினோடு தொடங்கி, இருபத்தெட்டு கை ஆடி, சொல்லி வைத்தது போல மறுபடி ஆளுக்கு நூறிலேயே வந்து நின்றார்கள். கப்பல் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்குள் யார் கையில் காயின் அதிகமோ அவர் ஜெயித்தவர். ஒரே ஒரு கைக்குத்தான் நேரம் இருந்தது.

அந்த இருபத்தொன்பதாவது கையைப் போடும்போது என் மேலதிகாரி நாச்சிமுத்து அண்ணன் வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். பொள்ளாச்சிக்காரர், அவருக்குத் தெரிந்த ஒரே ஆட்டம் ரம்மி.

"ஏனுங் அம்மிணி, இதுல ஜோக்கர் எதுங்?"

"நாம ரெண்டு பேருதான் அண்ணே."

"கிண்டல் பண்ணாம சொல்லுங்."

"ஆளுக்கு ரெண்டு சீட்டு, அது அவங்கவங்களுக்கு மட்டும். மேசையில முதல்ல மூணு சீட்டு, அப்புறம் ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. அது பொது. எல்லாம் சேத்து யாருக்கு நல்லா அமையுதோ அவங்க ஜெயிச்சாங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் காயின் வைக்கலாம். ஒருத்தர் வச்சா மத்தவரும் சமமா வைக்கணும். முடியலன்னா சீட்டக் கவுத்துட்டுப் போயிரணும். அதுவரைக்கும் வச்சதெல்லாம் எதிராளிக்கு."

"செரி, இப்ப யாருக்கு என்ன வந்துருக்குதுங்?"

அவர் சத்தியத்துக்குள் வராத ஆள் என்பதால் காட்டினேன். சுகிர்தாவுக்கு இரண்டு ராஜா. ஆளுக்குப் பத்துக் காயின் வைத்திருந்தார்கள். மேசையில் ஏழு, ஏழு, இரண்டு.

"அட, ராஜா ஜோடி! மேசையில இருக்கறதெல்லாம் பொடிச் சீட்டு. அந்தப் புள்ள ஜெயிச்ச மாதிரிதானுங்களே?"

"மேசையில ரெண்டு ஏழு கிடக்குல்லா அண்ணே. அதான் வில்லங்கம். அவன் கையில ஒரே ஒரு ஏழு இருந்தாப் போதும், மூணு ஏழு ஆயிரும். ராஜா ஜோடிய அது தூக்கிச் சாப்பிட்டிரும்."

"ஒரு கட்டுல ஏழு நாலுதானுங்களே. ரெண்டு மேசைக்கு வந்துருச்சு. மிச்சம் ரெண்டுல ஒண்ணு அந்தப் பையங்கிட்ட எதுக்குங் போகுது?" என்று அவர் ஜெபசிங்கின் சீட்டைப் புரட்டினார். ஏஸ். பக்கத்தில் ஏழு.

"அட கருமமே" என்றார்.

சுகிர்தாவுக்கு இன்னொரு ராஜா விழுந்தால்தான் உண்டு. அதற்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு. அவள் செவ்வாய்க்குப் போய்விட்டாள் என்றே எனக்குத் தோன்றியது. லீவில் ஊருக்குப் போனால் என்னைக் கூட்டிக்கொண்டு கடுக்கரை மலைக்குப் போக வேறு யார் இருக்கிறார்கள்?

"இப்ப அந்தப் புள்ள என்ன பண்ணோணும்?" அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டார், பூமிக்குக் கேட்டுவிடும் என்பது போல.

"பெருசா மட்டும் வைக்கக்கூடாது. பெருசா வச்சா ஏழு இல்லாதவன் ஓடிருவான், ஏழு உள்ளவன் மட்டுந்தான் நிப்பான். கெட்ட சீட்டு உள்ளவனை விரட்டிட்டு நல்ல சீட்டு உள்ளவங்கிட்ட மாட்டிக்கிறதுல என்ன லாபம்? கொஞ்சமா வச்சு, ஏழு இல்லாதவனை உள்ள இழுத்து வச்சிக்கிடணும். அவன் திருப்பி மிரட்டினா யோசிக்கணும். சுகிக்கு இதெல்லாம் அத்துபடி. எனக்கே அவதான் சொல்லித் தந்தா."

செவ்வாய்க்குச் செய்தி போக அன்று பன்னிரண்டு நிமிடம், வர பன்னிரண்டு நிமிடம். அதனால் அங்கே இருக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கேள்வி வருகிறவரை காத்திருக்க மாட்டார்கள். வரக்கூடிய கேள்விக்கெல்லாம் பதில் எழுதி, கணினியில் தனித்தனி உறையாகப் பூட்டி, முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். அம்மா சாப்பிட்டாயா என்று கேட்டால் இந்த உறை, இளைத்துவிட்டாயே என்றால் அந்த உறை, பணம் அனுப்பு என்றால் மூன்றாவது உறை. பொருந்துகிறதைத் திறந்து கொடுப்பதும் மற்றதைத் திறக்காமல் அழிப்பதும் எங்கள் வேலை. ஒருத்தன் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்த வாழ்த்தும் பெண் குழந்தை பிறந்த வாழ்த்தும் அனுப்பிவைக்க, அவளுக்கு இரட்டை பிறந்து நாங்கள் இரண்டையும் திறந்த கதையும் உண்டு.

சீட்டாட்டத்திலும் அப்படித்தான். மேசைச் சீட்டைப் பார்த்த ஜெபசிங்கிடமிருந்து நாலு மணிக்கு மூன்று உறை வந்து சேர்ந்தது. அவள் சும்மா இருந்தால் ஒன்று, கொஞ்சம் வைத்தால் ஒன்று, மொத்தத்தையும் வைத்தால் ஒன்று.

நான் சுகிர்தாவைக் கூப்பிட்டேன். அவள் காற்றாலை உச்சியில் இருந்தாள். காற்று இரைகிற இரைச்சலில் பாதிப் பேச்சுதான் காதில் விழுந்தது.

"ஏட்டி, உறை வந்துட்டா?"

"வந்துட்டு. உன் முறை. என்ன செய்யப் போற?"

பூமிக்கும் எங்களுக்கும் குரல் போய்வர மூன்று நொடிக்குள்தான் ஆகும். அவள் பதில் சொல்ல ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. ஏதோ நட்டை முறுக்குகிற சத்தம் கேட்டது.

"அவன் மேசையப் பாத்துட்டுத்தானே உறை போட்டான்?"

"ஆமா."

"மூணு உறையும் ஒரே நேரத்துல வந்துதா?"

"ஒரே நேரந்தான். கதை கேக்காத, ஆடு."

"மொத்தம்" என்றாள்.

நான் தடுக்கக்கூடாது. நாச்சிமுத்து அண்ணன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"சரியா யோசிச்சியா?" என்றேன். அதுகூடச் சத்தியத்துக்கு விரோதம்தான்.

"தொண்ணூறையும் தள்ளியாச்சு. உறையத் தொற செல்வி, இங்க காத்து ஆளத் தள்ளுது."

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. எனக்குப் பாடம் எடுத்தவள், எந்தத் தப்பைச் செய்யவே கூடாது என்று தலையில் குட்டிச் சொன்னாளோ, அதையே செய்கிறாள். மூன்றாவது உறையைத் திறந்தேன். ஒரே ஒரு வார்த்தை இருந்தது.

"கவுத்துட்டேன்."

திரும்பவும் படித்தேன். அப்புறம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். மூன்று நொடி போயிற்று, பத்து நொடி போயிற்று. வெறும் காற்றுச் சத்தம். லைன் போய்விட்டதோ என்று நினைத்தபோது, ஆரல்வாய்மொழிக் கணவாயே கிடுகிடுக்கிற மாதிரி ஒரு கூச்சல் வந்தது.

"ராஜாட்டி, ராஜா! எம் மாப்பிள்ள வீட்டுக்கு வாரான்!"

அவள் கயிற்றைச் சரியாகக் கட்டியிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு ஜெபசிங்குக்கான கப்பல் விண்ணப்பத்தை அனுப்பினேன். மணி நாலு இருபது.

"ஏனுங் அம்மிணி" என்றார் அண்ணன். "அந்தப் பையனுக்குக் கண்ணு கிண்ணு தெரியாதுங்களா? மூணு ஏழக் கையில வச்சுக்கிட்டுப் போயி கவுக்கறான்!"

"அதான் அண்ணே எனக்கும் புரியல."

"மத்த ரெண்டு உறையத் தொறந்தா புரியுமுங்களா?"

"தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்."

"நீங்க பண்ணுனீங்க. நான் பண்ணலீங்களே" என்று சொல்லி அவரே விசையைத் தட்டிவிட்டார். முப்பது வருட சர்வீஸில் அவர் மீறிய ஒரே விதி அதுதான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்.

அவள் கொஞ்சம் வைத்தால் என்ற உறையில், "கவுத்துட்டேன்" என்று இருந்தது.

அவள் சும்மா இருந்தால் என்ற உறையிலும் அதேதான். எதிராளி ஒரு காயின்கூட வைக்காதபோது சீட்டைக் கவிழ்க்கிறவன் உலகத்திலேயே கிடையாது. சும்மா இருந்தாலே அடுத்த சீட்டை இலவசமாகப் பார்க்கலாம். அதற்குக் கீழே இன்னும் எழுதியிருந்தான்.

"செல்வி, நீ இதத் தொறப்பன்னு எனக்குத் தெரியும். பாலிடெக்னிக்லயே அடுத்தவன் சோத்துப் பாத்திரத்தத் தொறந்து பாத்தவதான நீ. எனக்கு வீட்டுக்கு வரணும் மக்கா. இங்க ஒரு குறையும் இல்ல, வேலையும் நல்ல வேலை. ஆனா நாலே முக்கால் வருஷமா என் முகத்துல காத்துப் படல. ஹெல்மெட்டுக்குள்ள அழுதா தொடைக்கக்கூட முடியாது, கேட்டியா. இதச் சொல்லி வந்தா ரிட்டன் பார்சல்ம்பானுவ. சீட்டுல தோத்து வந்தா சிரிப்பானுவ, அவ்வளவுதான், சிரிச்சுட்டுப் போட்டும். சுகிகிட்ட சொல்லாண்டாம். மைக்குல என்னப் பத்தி அவ்வளவு பெருமையாப் பேசினவ. அவ ஜெயிச்சதாவே இருக்கட்டும்."

நாச்சிமுத்து அண்ணன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஆட்டம் ரம்மியவிட மோசமுங்" என்றார். நானும் அழுதேன். சந்திரனில் கண்ணீரும் மெதுவாகத்தான் இறங்கும்.

பதினோரு மாதம் கழித்து எனக்கு லீவு கிடைத்தது. ஆரல்வாய்மொழிக்குப் போனேன். அவனும் வாக்கரைப் பிடித்துத்தான் நடந்துகொண்டிருந்தான், நானும் வாக்கரைப் பிடித்துத்தான் உள்ளே போனேன். இரண்டு பேருக்கும் பூமி கனத்தது. வாசலில் முட்டிக்கொண்டு, யார் யாருக்கு வழிவிடுவது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து சுகிர்தாவின் தம்பிமாரும் காற்றாலைக்காரர்களும் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஜெபசிங்கை யாரும் ரிட்டன் பார்சல் என்று கூப்பிடவில்லை. "பொண்டாட்டிகிட்ட கிரகத்தையே தோத்தவரு" என்றுதான் அறிமுகம் செய்தார்கள். அவனும் எழுந்து நின்று கும்பிட்டான். சொன்னபடி பேரை மாத்திட்டோம்லா அத்தான் என்று ஒரு தம்பி சிரித்தான். ஜன்னல் பக்கமாகப் போட்டிருந்த நாற்காலி அவனுடையது. கணவாய்க் காற்று நேராக முகத்தில் அடிக்க, தலைமுடி பறக்க உட்கார்ந்திருந்தான். வீட்டில் ஒரு பேப்பர் ஒரு இடத்தில் நிற்கவில்லை, ஆனாலும் ஜன்னலைச் சாத்த யாரும் முயலவில்லை.

நான் அடுக்களைக்குப் போனேன். சுகிர்தா சிப்ஸுக்கு ஏத்தங்காய் சீவி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் ஊர்க் கதை பேசினாள். அப்புறம் அடுப்பைத் தணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"செல்வி, அவன் கையில ஏழு இருந்துதா?"

"சத்தியம் பண்ணிருக்கேன் சுகி."

"தெரியும். ஆனா எனக்குத் தெரிஞ்சாகணும். பதினோரு மாசமா இதான் மண்டையக் கொடையுது."

"எதுக்கு? நீதான் ஜெயிச்சுட்டியே."

"நான் எங்க ஜெயிச்சேன்?" என்று அவள் கரண்டியோடு திரும்பினாள். "ராஜா ஜோடி, மேசையில ரெண்டு ஏழு. அங்க மொத்தத்தையும் வைக்கிற கிறுக்கச்சியா நான்? உனக்கே நான்தான சொல்லித் தந்தேன்."

"பின்ன எதுக்கு வச்ச?"

"அவங்கிட்ட கேக்கத்தான். நாலு மாசமா வா வான்னு சொன்னான் பாரு, அதுல ஒரு சொல்லுக்கூட அவன் குரல் மாதிரி இல்ல. அவனுக்கு அங்க புடிக்கலையோன்னு ஒரு சந்தேகம். நேராக் கேட்டா ஒத்துக்கிடுவானா? மைக்குல வேற பேசித் தொலைச்சாச்சு, நானும் சேந்து பேசித் தொலைச்சேன். அதான், அவங்கிட்ட ஏழு இருந்தா கவுக்க ஒரு சாக்கு வேணும்லா? கொஞ்சமா வச்சாக் கவுக்கது கேவலம். மொத்தமா வச்சா எந்த ஆம்பளையும் கவுக்கலாம், யாரும் குத்தம் சொல்லமாட்டாவ."

"அவன் கவுக்காமப் பிடிச்சிருந்தா?"

"அப்ப அவனுக்கு நெசமாவே அங்கதான் இருக்கணும்னு அர்த்தம். நான் போயிருப்பேன். பெட்டி கட்டி வச்சுட்டுத்தான் அன்னிக்கு டவர்ல ஏறினேன். ஊரைக் கடைசியா ஒரு தடவ பாத்துக்கிடலாம்னுதான் உச்சிக்கே போனேன்."

நான் சீவிவைத்திருந்த ஏத்தங்காய்த் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஆனா ஏழு இல்லாமலும் கவுத்திருக்கலாம்லா?" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "அப்படின்னா அவன் சீட்டுல தோத்ததாலதான் வந்தான். ஆசைப்பட்டு வரல. தினமும் காலைல ஜன்னல்கிட்ட உக்காந்து அவன் சிரிக்கும்போதெல்லாம், இது நெசச் சிரிப்பா எனக்காகச் சிரிக்கானான்னு பாத்துக்கிட்டே கிடக்கேன். நீ வாயத் தொறந்து சொல்லாண்டாம். இப்படி என்னப் பாரு."

மூன்று வாரம் இருபத்தொன்பது கையிலும் என் குரல் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. மூன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் யாருக்கும் குரல் தடுமாறாது. இப்போது அவள் ஒரு முழத் தூரத்தில் கையில் கரண்டியோடு நின்றாள். நான் கூரையைப் பார்த்தேன், எண்ணெய்ச்சட்டியைப் பார்த்தேன், வாயை இறுக்கிக்கொண்டேன். என் மூஞ்சி என் சொல்லைக் கேட்கவில்லை. மூன்று உறையும் அதில் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

அவள் "ஓ" என்றாள். கரண்டியைக் கீழே வைத்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே மறுபடி துடைத்தாள். ஏத்தங்காய் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் அடுப்பு நினைவுக்கு வந்தது.

"அவனுக்குத் தெரியாண்டாம்" என்றாள். "தோத்து வந்ததாவே இருக்கட்டும். அதுல அவனுக்கு ஒரு மரியாதை இருக்கு."

கருகாததைப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனாள். யாரோ ராஜா ஜோடியை வைத்துக்கொண்டு தயங்கிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. நடு வட்டத்தில் நின்று ஆரம்பித்துவிட்டாள்.

"ராஜா ஜோடி வந்தா யோசிக்கப்பிடாது! மேசையில ரெண்டு ஏழு கிடந்தா என்ன, ரெண்டு எட்டு கிடந்தா என்ன? கண்ண மூடிட்டு மொத்தத்தையும் தள்ளு. நான் அப்படித்தான் இந்த மனுசனச் செவ்வாயில இருந்து இழுத்துட்டு வந்தேன்!"

தயங்கியவன் தள்ளினான், உடனே தோற்றான். அந்த வட்டாரத்தில் இந்த உபதேசத்தைக் கேட்டு ராஜா ஜோடியோடு நாசமாய்ப் போனவர்கள் ஏராளம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய் ஜெபசிங் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் சிப்ஸை மென்றுகொண்டு, பெண்டாட்டி பேசுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் லேசாகச் சாய்ந்தான்.

"மக்கா, அவளுக்குத் தெரியாதுல்லா?"

நல்லவேளை, அவன் என் மூஞ்சியைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியாது" என்றேன்.